நாடு, வீடு, நான்: ஒரு போர்ப் படத்தை ஆழமாகப் பார்ப்பதற்கான வழிகாட்டி

போர்ப் படம் ஒன்று முடிந்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: இது நாட்டுப்பற்றுப் படமா, போரை எதிர்க்கும் படமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் படம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நல்ல போர்ப் படங்கள் இந்தக் கேள்விக்குள் அடங்குவதில்லை. ஒரே மனிதனை நாடு ஒரு பக்கம் இழுக்கும், வீடு ஒரு பக்கம் இழுக்கும், அவனுக்குள் இருக்கும் 'நான்' இன்னொரு பக்கம் இழுக்கும். ஒவ்வொரு காட்சியிலும் யார் கை ஓங்குகிறது, அதற்கு விலை கொடுப்பது யார் என்று கவனிக்கப் பழகிவிட்டால், ஏற்கெனவே பார்த்த படம்கூடப் புதிதாகத் தெரியும்.

அந்தப் பழக்கத்துக்கான வழிகாட்டி இது. எடுத்துக்காட்டாக 2004-இல் வெளியான தென்கொரியப் படமான 'டேகுக்கி'யை எடுத்துக்கொள்கிறேன். இயக்கியவர் காங் ஜே-கியு. அண்ணன் ஜின்-டேயாக ஜாங் டோங்-கன், தம்பி ஜின்-சோக்காக வோன் பின். தென்கொரியத் திரையரங்குகளில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்த படம். படத்தின் பெயரே அந்நாட்டுக் கொடியின் பெயர். ஆனால் கதை நெடுகிலும் அண்ணன் ஓடுவது தம்பியின் பின்னால்தான். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடங்கும் முன்: தேதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

எந்தப் போர்ப் படமானாலும் அந்தப் போரின் ஐந்தாறு தேதிகளைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். கொரியப் போரில் இது மிகவும் அவசியம். 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை இரு கொரியாக்களையும் பிரித்த 38-ஆவது இணைகோட்டைத் தாண்டியது. மூன்றே நாளில் தலைநகர் சியோல் விழுந்தது. ஆகஸ்டில் தென்கொரியாவிடம் மிஞ்சியிருந்தது நாக்டோங் ஆற்றை ஒட்டிய தென்கிழக்கு மூலை மட்டும்தான். செப்டம்பர் 15-இல் அமெரிக்கத் தலைமையிலான ஐ.நா. படை இஞ்சியோனில் தரையிறங்கியது, அந்த மாதக் கடைசியில் சியோல் மீட்கப்பட்டது. அக்டோபரில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங் வரை போனார்கள். அதே மாதம் சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து உள்ளே வந்தது. 1951 ஜனவரியில் சியோல் மறுபடியும் விழுந்து, மார்ச்சில் மறுபடியும் மீட்கப்பட்டது. 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம். அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை.

இந்தத் தேதிகளிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மாதத்துக்குள் சியோல் நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு முறையும் அங்கே இருந்த சாதாரணக் குடும்பத்தைப் பார்த்து, 'நீ யார் பக்கம்?' என்று துப்பாக்கியோடு ஒருவன் கேட்டிருக்கிறான். அப்படிப்பட்ட ஊரில் நாட்டுப்பற்று மனதுக்குள் இருக்கும் உணர்வாக மட்டும் இருக்க முடியாது. அதை ஒவ்வொரு முறையும் புதிதாக நிரூபித்துக் காட்ட வேண்டும், காட்டத் தெரியாதவர் செத்துப்போவார். படத்தின் இரண்டாம் பாதியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

படி 1: போருக்கு முந்தைய வீட்டில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்?

சண்டைக் காட்சிகளுக்காகக் காத்திருக்கும்போது முதல் இருபது நிமிடத்தை அலட்சியமாகக் கடந்துவிடுகிறோம். அங்கேதான் எல்லாம் விதைக்கப்படுகிறது. ஒரு தாளில் வீட்டில் இருப்பவர்களின் பெயரை எழுதி, யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஜின்-டே தெருவில் காலணிக்குப் பாலிஷ் போடுகிறவன். தம்பி படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் படிப்பை விட்டவன். தம்பிக்காகத் தன் கையாலேயே ஒரு ஜோடி காலணி செய்யத் தொடங்குகிறான். அம்மா நூடுல்ஸ் கடை நடத்துகிறாள். அண்ணனுக்கு நிச்சயமான யோங்-ஷினும் அந்தக் கடையில் உழைக்கிறாள். இத்தனை பேருடைய உழைப்பும் சேர்ந்து ஜின்-சோக்கைப் பல்கலைக்கழகம் அனுப்பப் பார்க்கிறது. பார்க்க அழகான குடும்பம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தம்பியின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்வதற்கு முன்பே வீடு முடிவு செய்துவிட்டது. அன்பால்தான் செய்தது என்றாலும், யாரும் அவனைக் கேட்டுச் செய்யவில்லை. நன்றிக்கடன் தலைக்கு மேல் இருக்கும் பிள்ளையால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்த அம்மாவுக்கு வாய் பேச வராது. இரண்டு மகன்களும் கடைசிவரை 'அம்மாவுக்காக' என்றுதான் பேசுகிறார்கள். அந்த அம்மா என்ன நினைக்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிவது மட்டும்தான். யாருக்காக எல்லாம் செய்வதாகச் சொல்லப்படுகிறதோ, அவருக்குப் படத்தில் பேச இடம் இருக்கிறதா என்பதை எந்தப் போர்ப் படத்திலும் தேடிப் பாருங்கள்.

படி 2: சீருடை உடம்பில் ஏறும் நிமிடத்தை இரண்டு முறை பாருங்கள்

நாயகன் எப்படிப் படைவீரன் ஆனான்? தானாகப் போனானா, அழைப்பு வந்து போனானா, பிடித்துக்கொண்டு போனார்களா? படம் நாட்டுப்பற்றை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் கிடையாது.

இங்கே அது டேகு ரயில் நிலையத்தில் நடக்கிறது. தெற்கே தப்பி வந்த குடும்பம் கூட்டத்தில் நிற்கிறது. வயதுக்கு வந்த ஆண்களைப் படைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பியை ரயிலில் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அண்ணன் உள்ளே பாய்ந்து அவனை இறக்கிக் கொண்டுவரப் பார்க்கிறான். அடிதடி ஆகிறது. ரயில் நகர்ந்துவிடுகிறது, இரண்டு பேரும் உள்ளே. வெளியே அம்மா ரயிலோடு ஓடிவருகிறாள், குரல் இல்லாமல்.

முதல் முறை பார்க்கும்போது இது வெறும் சோகக் காட்சி. இரண்டாம் முறை பார்க்கும்போது, நாடு என்ற எண்ணம் அண்ணன் தலையில் அந்த நிமிடத்தில் துளியும் இல்லை என்பது தெரியும். அவன் படைக்குள் வந்ததே தம்பியைப் படையிலிருந்து வெளியே எடுக்கத்தான். கடைசிவரை அவனுக்கு இருக்கும் ஒரே ராணுவ நோக்கமும் அதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் அவன் காட்டும் 'வீரம்' எதிலிருந்து வருகிறது என்று புரியும்.

படி 3: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள்

வசனம் மறைப்பதைப் பல நேரங்களில் பொருள்கள் காட்டிக்கொடுக்கும். ஒரு பதக்கம், ஒரு கடிதம், ஒரு புகைப்படம், எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதைப் பின்தொடருங்கள்.

'டேகுக்கி'யில் முதலில் பதக்கம். நாட்டின் உயரிய வீரப் பதக்கத்தை வாங்கினால் தம்பியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று தளபதி சொல்கிறார். அன்றிலிருந்து அண்ணன் எல்லா ஆபத்தான வேலைக்கும் முதல் ஆளாகக் கைதூக்குகிறான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் நாட்டுக்காக உயிரைத் துச்சமாக நினைக்கும் வீரன். அவனுக்கோ அந்தப் பதக்கம் தம்பிக்கான விடுதலைச் சீட்டு. ஒரே செயல்தான், அரசு அதை நாட்டுப்பற்று என்று பதிவு செய்கிறது, செய்கிறவன் அதை வேறு கணக்கில் எழுதுகிறான். 'இந்தப் பாத்திரம் நாட்டுப்பற்று உள்ளதா?' என்ற கேள்வி ஏன் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அடுத்தது பேனா. தம்பியின் பெயர் பொறித்த ஊற்றுப்பேனா. தம்பி எரிந்து செத்துவிட்டதாக அண்ணன் நம்புவது அந்தப் பேனாவைப் பார்த்துத்தான். படத்தின் தொடக்கத்தில், 2003-இல், பழைய போர்க்களத்தைத் தோண்டும் ராணுவக் குழுவுக்கு எலும்புகளோடு கிடைப்பதும் அதுதான். (தென்கொரிய ராணுவம் 2000 முதல் இப்படிப் போரில் இறந்தவர்களின் எச்சங்களைத் தோண்டி எடுத்து அடையாளம் கண்டுவருகிறது.) அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விசாரித்தால், செத்தவன் என்று நினைத்த ஜின்-சோக் உயிரோடு, கிழவராக இருக்கிறார். அரசின் பதிவேட்டால் அந்த எலும்புகளுக்கு ஒரு பெயர் சொல்ல முடியவில்லை. ஐம்பது வருடம் காத்திருந்த தம்பிக்குத்தான் அது யாரென்று தெரிகிறது.

படி 4: 'உனக்காகத்தான் செய்தேன்' என்ற இடத்தில் நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியிலேயே மிக முக்கியமான படி இது. இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது அண்ணனின் தியாகத்தில் உருகிப்போய், தம்பி சொல்வதை நாம் காதிலேயே வாங்குவதில்லை.

அண்ணன் போட்ட ஒப்பந்தம் தெரிந்ததும் தம்பி நெகிழ்ந்துபோவதில்லை, கோபப்படுகிறான். அண்ணன் உயிரை விலையாகக் கொடுத்து வீடு திரும்ப அவன் விரும்பவில்லை. அதைவிட, தன் பெயரைச் சொல்லி அண்ணன் மாறிக்கொண்டே போவதை அவனால் தாங்க முடியவில்லை. பியோங்யாங்கில் அண்ணன் பதக்கத்தைக் குறிவைத்து முன்னேறும்போது கூட இருந்த தோழன் சாகிறான். அதற்கும் அண்ணனிடம் இருக்கும் பதில் 'உனக்காக' என்பதுதான்.

யோங்-சோக் வரும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். சியோலில் இவர்களோடு சேர்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்ட பையன், இப்போது வடகொரியச் சீருடையில் சிக்குகிறான். அவனும் இவர்களைப் போலவே பிடித்துச் செல்லப்பட்டவன்தான். ராணுவத்துக்கு அந்தச் சீருடையே போதும், அவன் எதிரி. அண்ணனுக்கும் அவன் எதிரிதான், ஏனென்றால் அவனுடைய 'வீடு' அதற்குள் தம்பி ஒருவன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தம்பி மட்டும்தான் நடுவில் வந்து நிற்கிறான், அவனுக்கு அந்த முகம் தெரியும். தனிமனித உணர்வு என்றாலே சுயநலம் என்று சட்டென்று ஒரு கணக்குப் போடுகிறோமே, இந்தக் காட்சி அதை உடைக்கிறது. எதிரே நிற்பவனைக் கொடியாகவும் பார்க்காமல், தன் குடும்பத்துக்கு இடைஞ்சலாகவும் பார்க்காமல், ஓர் ஆளாகப் பார்ப்பது 'நான்' என்ற ஒன்றை இன்னும் இழக்காதவனுக்கே முடியும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கும்பகர்ணனும் விபீடணனும் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அண்ணன் செய்வது தப்பு என்று தெரிந்தும் அவனோடு நின்று செத்தவன் ஒருவன், மனசாட்சி சொன்ன பக்கம் போனவன் இன்னொருவன். இருவரில் யார் சரி என்ற வழக்கை நாம் இன்னும் முடித்தபாடில்லை. அந்த வழக்கையும் மனதில் வைத்துக்கொண்டு ஜின்-சோக்கைப் பாருங்கள். முதலில் அண்ணனை விட்டு விலகி நிற்கிறான், கடைசியில் அண்ணனைத் தேடிப் போகிறான். ஒரே ஆள் இரண்டு பாத்திரங்களுக்குள்ளும் நுழைந்து வெளியே வருகிறான்.

படி 5: நாடு எந்த முகத்தோடு திரையில் வருகிறது?

நாடு என்பதைப் படத்தில் நேராகக் காட்ட முடியாது, யாராவது ஓர் ஆள்தான் அதன் சார்பில் வந்து நிற்க வேண்டும். அந்த ஆட்களை வரிசையாக எழுதுங்கள். இங்கே: ரயிலில் ஏற்றும் சிப்பாய், பதக்க பேரம் பேசும் தளபதி, பின்னால் வந்து அந்தப் பேச்சை மதிக்காத இன்னொரு அதிகாரி, அப்புறம் யோங்-ஷினைக் கொல்லும் கம்யூனிச எதிர்ப்புக் கும்பல். அதோடு, கொடி எங்கெல்லாம் வருகிறது, அதைப் பாத்திரங்களில் யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யோங்-ஷின் செய்த குற்றம், சாப்பாட்டுக்காக ஒரு தாளில் பெயர் கொடுத்தது. அந்தத் தாளுக்குப் பின்னால் உண்மை வரலாறு இருக்கிறது. இடதுசாரிகளை 'திருத்துவதற்கு' என்று சொல்லி 1949-இல் அன்றைய தென்கொரிய அதிபர் சிங்மன் ரீயின் அரசு போடோ லீக் என்ற அமைப்பைத் தொடங்கியது. அரசியலே தெரியாத ஏராளமான ஏழைகளின் பெயரும் அதில் சேர்க்கப்பட்டது. போர் வெடித்ததும் அந்தப் பட்டியலே கொலைப் பட்டியல் ஆனது. தென்கொரியக் காவல்துறையும் ராணுவமும் உறுப்பினர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொன்றன. பல்லாண்டுகள் இதைப் பற்றி வெளியே பேசவே முடியாத நிலை இருந்தது. 2005-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைக்கப்பட்டது, 2008 ஜனவரியில் அதிபர் ரோ மூ-ஹ்யுன் இந்தக் கொலைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். படம் வந்தது 2004-இல். ஆணையம் அமைவதற்கு முன்பே, நாட்டுக் கொடியின் பெயரைத் தாங்கிய ஒரு வெகுஜனப் படம் இதைக் கோடிப் பேர் முன்னால் வைத்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வரலாற்றோடு ஒட்டிப் பார்க்கும்போது வித்தியாசத்தையும் குறியுங்கள். போடோ லீக் கொலைகள் பெரும்பாலும் 1950 கோடையில் நடந்தவை, படத்தில் யோங்-ஷின் சாவது சீனப் படை வந்த பிறகான பின்வாங்கலின்போது. சியோல் மீட்கப்பட்ட பிறகு, 'எதிரிக்கு ஒத்துழைத்தவர்கள்' என்று பழி சுமத்தப்பட்டவர்கள் கொல்லப்பட்டதும் தனி வரலாறு. படம் இரண்டையும் ஒரு பெண்ணின் சாவில் சேர்த்துவிட்டது. இதைப் பிழை என்று தள்ளத் தேவையில்லை, சேர்த்ததால் என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோம், சோறு போட்டவனுக்கு உயிரைக் கொடுப்பது. யோங்-ஷின் வாங்கிய சோற்றுக்கு அவள் உயிரை யாரும் கேட்டு வாங்கவில்லை, பறித்துக்கொண்டார்கள். நாடு மக்களிடம் விசுவாசம் கேட்கும் கதைகளில், நாடு அவர்களுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: முறிவு வரும் இடத்தில், மாறியது எது, மாறாதது எது?

யோங்-ஷின் சாவுக்குப் பிறகு சகோதரர்கள் இருவரும் கைதாகிறார்கள். தம்பி அடைபட்டிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைக்கச் சொல்லி அதிகாரி உத்தரவிடுகிறான். தம்பி செத்துவிட்டான் என்று நம்பும் அண்ணன் அந்த அதிகாரியைக் கொல்கிறான், பிறகு வடக்கின் பக்கம் போய் அங்கே ஒரு சிறப்புப் படைக்குத் தலைமை தாங்குகிறான்.

துரோகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் முதல் படியிலிருந்து குறித்து வந்ததைத் திரும்பப் பாருங்கள். அவன் தெற்குக்காக என்றுமே சண்டை போடவில்லை. கம்யூனிசத்தை வெறுத்ததும் இல்லை, பிறகு அதை நம்பியதும் இல்லை. நோக்கமாக இருந்த தம்பி போனதும் மிஞ்சியது பழிவாங்கல், அது துப்பாக்கியின் திசையை மட்டும் திருப்பிவிட்டது. கடைசிப் போரில் எதிரே வந்து நிற்கும் தம்பியையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்த பிறகு, தம்பி தப்பிப் போவதற்காக, தான் தலைமை தாங்கிய படையை நோக்கியே இயந்திரத் துப்பாக்கியைத் திருப்புகிறான். இரண்டாவது முறையாகப் பக்கம் மாறுகிறான், இந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

அந்த இடத்தில் இசை நம்மை அழ வைக்கிறது, நானும் அழுதேன். ஆனால் ஒருவனைக் காப்பாற்ற இரண்டு பக்கமும் விழுந்தவர்களுக்கும் வீட்டில் ஓர் அம்மா இருந்திருப்பாள். படம் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. இந்தப் படத்தின் உண்மையான குறை இதுதான் என்பேன். பார்க்கிற நாம் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, தம்பி? அவன் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் இருக்கிறான். அண்ணன் உயிரோடு எதிர்ப்பக்கம் இருக்கிறான் என்று தெரிந்ததும் போர்முனைக்குத் திரும்புகிறான். பல்கலைக்கழகத்தை வீடு முடிவு செய்தது, படையை அரசு முடிவு செய்தது, வீடு திரும்புவதை அண்ணன் முடிவு செய்தான். படம் முழுக்க அவன் தானாக எடுக்கும் பெரிய முடிவு இது ஒன்றுதான். அந்த முடிவையும் அவன் எடுப்பது குடும்பத்துக்காக. அப்படியென்றால் 'நானா, வீடா' என்பது இங்கே மோதலே கிடையாது. அடுத்தவர் தலையில் கட்டிய பாசமா, தானாக எடுத்துக்கொண்ட பாசமா என்பதில்தான் மோதல் இருக்கிறது.

படி 7: எதிர்த்திசையில் போகும் ஒரு கதையை அருகில் வையுங்கள்

ஒப்பிட 1998-இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'சேவிங் பிரைவேட் ரயன்' மிகவும் தோது. அங்கே மூன்று மகன்களை இழந்த தாய்க்கு நான்காவது மகனையாவது திருப்பிக் கொடுக்க அரசே எட்டுப் பேரை அனுப்புகிறது. ஜின்-டே பதக்கம் வாங்கிச் சாதிக்க நினைத்ததை அங்கே அரசு தானாகச் செய்கிறது. வீடு திரும்ப மறுப்பது அந்த மகன்தான், கூடப் போரிடுபவர்களை விட்டு வர அவனுக்கு மனமில்லை. அங்கும் யாரைக் காப்பாற்றப் பலர் சாகிறார்களோ, அவனை யாரும் முதலில் கேட்கவில்லை. 1942-இல் ஒரே போர்க்கப்பலில் இருந்த சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேரும் இறந்ததும், அதன் பிறகு 1948-இல் எஞ்சிய ஒரே பிள்ளையைக் காக்க அமெரிக்கா விதி கொண்டுவந்ததும் அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கின்றன.

நம் பக்கத்திலிருந்து வைக்க வேண்டுமானால் புறநானூற்றின் 279-ஆம் பாட்டு. முந்தைய போர்களில் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்தவள், இருக்கும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் நீவி, வேல் ஒன்றைக் கையில் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் அந்தத் தாயின் துணிவைப் பாடினார். நாடு, வீடு, நான் என்ற மூன்றையும் மனதில் வைத்துத் திரும்பப் படியுங்கள்: பாட்டில் அந்தப் பையன் வாயே திறப்பதில்லை.

படி 8: எழுதும்போது

நாடு, வீடு, நான் என்ற மூன்று சொல்லுக்கும் மூன்று பத்தி ஒதுக்கி எழுதாதீர்கள். ஒரு காட்சியை எடுத்து, அதற்குள் மூன்றும் எப்படி மோதுகின்றன என்று எழுதுங்கள். ரயில் நிலையம், யோங்-சோக், கடைசிப் போர், இதில் எதுவானாலும் போதும். அந்தக் காட்சியை ஒரு முறை ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். இசை இல்லாமலும் நீங்கள் எழுதவந்தது நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

குடும்பத்தை நாட்டுக்கு உருவகமாக்கும் ஆசை வரும். 'பிரிந்த சகோதரர்கள்தான் பிரிந்த கொரியா' என்ற வரி தானாக வந்து விழும். சியோல் போர் நினைவகத்தின் வளாகத்தில் இருக்கும் சகோதரர் சிலை அதைத்தான் சொல்கிறது: உருவில் பெரிய தென்கொரிய அதிகாரி அண்ணன், அவன் அணைப்புக்குள் வடகொரியச் சிப்பாயான தம்பி. அரசு எழுப்பிய சிலை, அதில் அணைப்பவன் தெற்கு, அணைக்கப்படுபவன் வடக்கு. படத்தில் வடக்கே போவது அண்ணன், அவனைத் தேடிப் போவது தெற்கில் இருக்கும் தம்பி. உருவகத்தை எழுத வேண்டும் என்று தோன்றினால் இந்தத் தலைகீழ் மாற்றத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த பத்தியில் தம்பியைப் பேச விடுங்கள்.